பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? படி ஏறி இறங்குவதைக் கொஞ்ச நாளைக்குக் குறைத்துக்கொள். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் என் பெண்ணுக்கே கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னதாக அவளிடம் சொல். இங்கே எல்லோரும் நலம். இவர் ஓய்வு பெற்ற பிறகு காலையில் நடக்கப் போகிறார், சாயங்காலம் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நானும் சும்மா இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, ஒரு கேள்வி எழுதியிருந்தாய். உலகத்தில் இத்தனை பேர் பசியோடு தூங்கப் போகிறார்கள், நம்மைப் போல் வீட்டில் இருக்கிறவர்கள் அதற்கு என்னதான் செய்ய முடியும் என்று. பதில் தாமதமானதற்கு அந்தக் கேள்விதான் காரணம். இரண்டு வரியில் ஏதாவது ஆறுதல் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. இந்த வருஷம் முழுக்க அதே கேள்வி என்னையும் விடாமல் பிடித்திருக்கிறது.

சின்ன வயதில் தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் என்ன சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? “சாப்பிட வழியில்லாமல் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் தெரியுமா?” என்பார்கள். நான் இந்த மிச்சத்தைத் தின்றுவிட்டால் அந்தப் பிள்ளைகளின் பசி எப்படித் தீரும் என்று எனக்கு அப்போதே சந்தேகம். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. இப்போது யோசித்தால் அது நியாயமான சந்தேகம்தான் என்று தோன்றுகிறது. என் வீட்டில் வீணாகாத சோறு தானாக நடந்துபோய் இன்னொருவர் தட்டில் விழாது. நடுவில் ஒரு பாதை வேண்டும். வீணாக்காமல் இருப்பது பாதி வேலை. அந்தப் பாதையைப் போடுவது மீதிப் பாதி. நான் இத்தனை நாள் முதல் பாதியைக்கூடச் சரியாகச் செய்யவில்லை என்பது போன வருஷம்தான் தெரிந்தது.

ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போயிருக்கிறது. தோல், எலும்பு எல்லாம் சேர்த்த கணக்குதான். இருந்தாலும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த உணவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அது. ஹோட்டல்களும் பெரிய கடைகளும்தான் கொட்டுகின்றன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. சராசரியாக ஆளுக்கு வருஷத்துக்கு 79 கிலோ. இன்னொரு பக்கம், 2024இல் சுமார் 67 கோடி பேர் பசியில் இருந்தார்கள் என்கிறது ஐ.நா. கணக்கு. இந்த இரண்டு எண்களையும் ஒரே நாளில் படித்தேன். அன்றைக்கு ராத்திரி சமையலறையை ஒழுங்குபடுத்தும்போது கை ஓடவில்லை.

உணவு போதாமல்தான் பசி வருகிறது என்பதுகூட முழு உண்மை இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் அமர்த்திய சென், தானியம் அடியோடு இல்லாமல் போனதால் மட்டும் அத்தனை லட்சம் பேர் சாகவில்லை, ஏறிய விலைக்குக் கூலி வேலைக்காரர்களால் வாங்க முடியாமல் போனதுதான் பெரிய காரணம் என்று எடுத்துக்காட்டினார். இன்றைக்கும் போர், வேலை போவது, விலை ஏறுவது இவைதான் மனிதர்களைப் பட்டினி போடுகின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் செய்யும் எதுவும் “உணவு மிச்சம்” என்பதோடு நின்றுவிடக் கூடாது. கையில் காசும் அடுப்பும் இல்லாத ஒருவரிடம் அது போய்ச் சேர வேண்டும்.

சரி, என் தாள் கதைக்கு வருகிறேன். ஒரு வெள்ளைத் தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டேன். குப்பைக் கூடைக்குப் போகும் ஒவ்வொரு சாப்பாட்டுப் பொருளையும் எழுத வேண்டும். யார் போட்டாலும் எழுத வேண்டும். யாரும் யாரையும் திட்டக் கூடாது. ஒரு மாதம் இப்படி. முதல் வாரம் பேரன்தான் ஒழுங்காக எழுதினான்.

மாதக் கடைசியில் தாளை எடுத்து உட்கார்ந்து படித்தேன். தட்டில் மிஞ்சியது மிகக் குறைவு. நாங்கள் பத்திரமாக எடுத்து வைத்தவைதான் அதிகம் போயிருந்தன. மூடிபோட்ட டப்பாவில் உள்ளே தள்ளி வைத்து மறந்த மீதிச் சமையல். பாதி பாக்கெட் ரொட்டி. திறந்து வைத்த பால். அப்புறம் கேரட். அந்த மாதம் மட்டும் நான்கு முறை “கேரட்” என்று எழுதியிருந்தது, மூன்று முறை என் கையெழுத்தில். அடித்தட்டை இழுத்துப் பார்த்தேன். புதுக் கேரட்டுகளுக்கு அடியில் மூன்று பழைய கேரட்டுகள், விரலால் வளைத்தால் வளைகிற மாதிரி, ஒன்றில் வெள்ளையாக வேர் விட ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வாரமும் பழையது இருக்கிறதா என்று பார்க்காமல் புதிதாக வாங்கி மேலே போட்டிருக்கிறேன். வளைந்த கேரட்டைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் மறுபடி விறைப்பாகும் என்று அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். அழுகாதவரை அதை எறிய வேண்டியதே இல்லை.

இப்போது கடைக்குக் கிளம்புவதற்கு முன் பிரிட்ஜைத் திறந்து பார்க்காமல் செருப்பு மாட்டுவதில்லை. வாரத்தில் ஒருநாள் எதுவும் வாங்காமல், இருப்பதை வைத்தே சமையல். சீக்கிரம் கெடக்கூடியவை கண்ணுக்கு நேரான தட்டில் முன்வரிசையில். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தேன், இரண்டுமே சீக்கிரம் கெட்டன, பிரித்துவிட்டேன். வாழைப்பழமும் ஆப்பிளும் எத்திலின் என்ற வாயுவை விடுகின்றன, பக்கத்தில் இருக்கும் காய்களையும் கீரையையும் அது வேகமாகப் பழுக்கவும் வாடவும் வைக்கும். அதனால் பழம் தனியாக. ரொட்டியை பிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வறண்டுபோகும், பிரீசரில் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும்.

பாக்கெட்டில் இருக்கும் தேதி விஷயத்திலும் நான் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். “இந்தத் தேதிக்கு முன் சிறந்தது” என்று போட்டிருந்தால் அது சுவையையும் தரத்தையும் பற்றியது. தேதி தாண்டினாலும் பார்த்து, முகர்ந்து, நன்றாக இருந்தால் பயன்படுத்தலாம். “இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்” என்றால் அது உடம்புக்கான எச்சரிக்கை. அதை மீறக் கூடாது. வீணாக்கக் கூடாது என்ற வேகத்தில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. முக்கியமாக, வடித்த சோற்றை வெளியிலேயே மணிக்கணக்கில் வைக்காதே. இரண்டு மணி நேரத்துக்குள் ஆற வைத்து பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். கொதியில் சாகாத கிருமி வித்துக்கள் அரிசியில் உண்டு. அவை வெதுவெதுப்பில் முளைத்து வெளியிடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

இது முதல் பாதி. இரண்டாவது பாதி அந்தத் தாளிலிருந்தே வந்தது. மாதக் கடைசியில் தூக்கிப் போட்டவற்றின் விலையைக் கூட்டி, அந்தத் தொகையை ஓர் உறையில் போட்டு, பக்கத்தில் இருக்கும் உணவு வங்கிக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் தாளில் பாதிதான் நிரம்பியிருந்தது. அப்போது இவர்தான் சொன்னார்: “வீணாகிறது குறைந்தால் கொடுப்பதும் குறைய வேண்டுமா? மிச்சமானது இப்போது நம் கையில்தானே இருக்கிறது?” அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து முதல் மாதத் தொகையை மாற்றாமல் ஒவ்வொரு மாதமும் கொடுக்கிறோம். பெரிய தொகை இல்லை. ஆனால் மாதம் தவறுவதில்லை.

உணவு வங்கி எப்படித் தொடங்கியது தெரியுமா? 1967இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில். ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் இடத்தில் உதவிக்கொண்டிருந்தார். கடைகளின் குப்பைத் தொட்டியில் கிடைப்பதை எடுத்துத் தன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட ஒரு தாயை அவர் சந்தித்தார். கடைகள் தூக்கி எறிவதைப் போட்டு வைக்கவும் வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும் வங்கி மாதிரி ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்தத் தாய்தான் சொன்னாளாம். நான் மேலே எழுதிய பாதையை முதலில் கேட்டது பசியோடு இருந்த ஒரு பெண். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த முகம் தெரியாத தாயின் மேல் பெரிய மரியாதை.

பணம் கொடுப்பதோடு, சனிக்கிழமை காலையில் அங்கே போய் வேலையும் செய்கிறேன். வந்த பொருள்களைப் பிரித்து அடுக்குவதுதான் வேலை. முதல் நாள் ஒரு பெட்டியைத் திறந்தால் மேலே இருந்த டின்னின் தேதி முடிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. யாரோ அலமாரியைக் காலி செய்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதே வேகத்தில், என் அலமாரியிலிருந்தும் ஒரு காலத்தில் இப்படித்தானே கொடுத்தேன் என்று மனசு குத்தியது.

இன்னொரு நாள் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவள் பையில் அரிசியும் பருப்பும் எடுத்து வைத்தேன். அவள் மெதுவாக அவற்றை எடுத்து மேஜையில் திரும்ப வைத்தாள். வேண்டாம் என்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் முகம் வாடியது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, “நாங்கள் இருக்கிற அறையில் அடுப்பு இல்லை” என்றாள். அப்புறம் டின்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, மூடியில் இழுக்கும் வளையம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். திறப்பானும் இல்லை போல. பாதுகாப்பான சமையலறையில் இருந்துகொண்டு, மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்று நானே தீர்மானித்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். அதனால் உன் பக்கத்தில் உணவு வங்கி இருந்தால் முதலில் போன் செய்து, இப்போது என்ன குறைவாக இருக்கிறது என்று கேள். பணமாகவே கொடுத்தால் அவர்கள் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள், நாம் வாங்குவதைவிட அதிகம் வரும். விசேஷங்களில் மிஞ்சும் சாப்பாட்டைக் கொடுக்க நினைத்தாலும் முந்தின நாளே பேசி வைத்துவிடு. எல்லாம் முடிந்து ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் சூடு ஆறிப் போயிருக்கும், வாங்கிக்கொள்ளவும் ஆள் இருக்காது.

சட்டம் போட்டாலும் பாதை உண்டாகிறது. பிரான்சில் 2016இல், விற்காமல் மிஞ்சிய நல்ல உணவைப் பெரிய கடைகள் அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் பகுதியின் பிரதிநிதிக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதுவதும் நம்மால் முடிந்த வேலைதான். நான் எழுதிவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

மற்றபடி, துணிப்பை கொண்டுபோவது, விளக்கை அணைப்பது பற்றியும் கடிதத்தில் கேட்டிருந்தாய். எல்லாம் நல்லதுதான், செய்துகொண்டே இரு. ஆனால் ஒரு கிலோ அரிசி விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று தெரிந்த பிறகு, குழாயை இறுக்கி மூடிவிட்டு அரை டப்பா சோற்றைக் கொட்டுவதில் அர்த்தமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வாரத்தில் இரண்டு நாள் இறைச்சிக்குப் பதில் பருப்பும் பயறும் சமைக்கிறோம். தோலையும் தண்டையும் பின்கட்டில் ஒரு வாளியில் மக்க வைக்கிறேன். குப்பை மேட்டில் காற்றுப் படாமல் புதைந்து அழுகினால் அது மீத்தேனை விடும், 20 வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. வாளி வேலை சுலபம். ஈரமான தோலுக்கு மேல் காய்ந்த சருகோ கிழித்த காகிதமோ போட்டு, வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் போதும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போடு. மண்வாசனை வந்தால் உரம் தயார்.

நீயும் ஒரு தாள் ஒட்டிப் பார். முழங்காலுக்கு ஒரு கஷ்டமும் இல்லாத வேலை. ஒரு மாதம் கழித்து அதில் எது அதிகம் இருந்தது என்று எனக்கு எழுது. கேரட்டாக இருந்தால் மறக்காமல் சொல். இந்த வாரம் எங்கள் தாளில் இதுவரை ஒரே ஒரு வரிதான்: “எலுமிச்சை, பாதி.” பேரன் கையெழுத்து. நாளை சனிக்கிழமை, சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். வளையம் வைத்த டின்கள் ஒரு பை நிறைய வாங்கி வாசலில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி