அம்மாவிடம் முதலில் வீட்டை வரையச் சொல்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, இப்போதுதான் எழுதப் படிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவர் வெளிர்மஞ்சள் என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். பளிச்சென்ற வெள்ளையாம்! என் கண்ணுக்குள் இருந்த பழைய லென்ஸ்தான் மஞ்சளாகிப்போய் நீலத்தை வடிகட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் பழைய கதைகளை எழுதி வைப்பது நல்ல காரியம். புது வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் 'எல்லாம் மறந்துபோச்சு' என்கிறார், பழைய வீட்டுக்குள் கூட்டிப்போனதும் மடமடவென்று பேசினார் என்று எழுதியிருந்தாய். அதற்கு வயதைக் குறை சொல்லாதே. உனக்கும் எனக்கும் அப்படித்தான். காலமெல்லாம் உளவியல் பாடம் நடத்தியவனிடம் சொல்லிவிட்டாய், இனி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

1975-இல் காடன், பேட்லி என்ற இருவர் முக்குளிப்பவர்களுக்குச் சொற்களைச் சொல்லிப் பார்த்தார்கள். சில பட்டியல்கள் கரையில், சில நீருக்கடியில். நீருக்கடியில் கேட்டவை நீருக்கடியிலும், கரையில் கேட்டவை கரையிலும்தான் அதிகம் நினைவுக்கு வந்தன. இதைப் பலரும் சொல்வார்கள். 1980-இல் அதே இருவர் செய்த அடுத்த சோதனையைத்தான் விட்டுவிடுவார்கள். இம்முறை சொற்களைக் காட்டி, 'இது பட்டியலில் இருந்ததா?' என்று கேட்டார்கள். இடம் மாறியதால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆக, வெறுங்கையோடு தேடும்போதுதான் இடம் உதவிக்கு வருகிறது. அம்மாவிடம் 'அன்று சித்தப்பா வந்தாரா?' என்று கேட்பதாக இருந்தால் நீ எங்கிருந்தும் கேட்கலாம். 'அன்று என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்பதற்குத்தான் அந்த அறை வேண்டும்.

அதற்காக ஒவ்வொரு முறையும் அவரை அலைக்கழிக்காதே. ஸ்டீவன் ஸ்மித் 1979-இல் செய்த சோதனையில், வேறு அறைக்கு மாற்றப்பட்டவர்கள் படித்த அறையை மனதில் கொண்டுவந்து பார்த்தபோது, அங்கேயே திரும்பிப் போனவர்கள் அளவுக்கு நினைவுகூர்ந்தார்கள். 1980-களில் காவல்துறைக்காக ஃபிஷரும் கைசல்மனும் உருவாக்கிய விசாரணை முறையிலும் இது உண்டு. சாட்சியிடம் நடந்ததைக் கேட்பதற்கு முன், எங்கே நின்றீர்கள், வெளிச்சம் எப்படி இருந்தது, சுற்றிலும் என்ன தெரிந்தது என்று மனதில் நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள். நீயும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து வீட்டை வரையச் சொல். கோடு கோணலாக இருந்தால் திருத்தாதே.

இதெல்லாம் புதிதும் இல்லை. பழைய பெட்டி ஒன்று கிடந்த அறையில் நடனம் கற்ற ஓர் இளைஞன், அந்தப் பெட்டியோ அது போன்ற ஒன்றோ இருந்தால்தான் ஒழுங்காக ஆடினான் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் எழுதியிருக்கிறார்.

இனி எச்சரிக்கைக்கு வருகிறேன். இடம் நினைவைத் தூண்டும், கூடவே இல்லாததையும் சேர்க்கும். 1981-இல் புரூவரும் ட்ரெயன்ஸும் ஆட்களை ஓர் ஆய்வு மாணவரின் அலுவலக அறையில் 35 விநாடி மட்டும் காத்திருக்க வைத்தார்கள். வெளியே அழைத்து, உள்ளே என்னென்ன இருந்தன என்று கேட்டபோது சிலர் 'புத்தகங்கள்' என்றார்கள். அங்கே புத்தகமே இல்லை. அப்படிப்பட்ட அறையில் புத்தகம் இருந்தாக வேண்டும் என்று மனமே அடுக்கி வைத்துவிட்டது. பொய் சொல்லும் எண்ணம் அவர்கள் யாருக்கும் இல்லை.

அம்மா விஷயத்தில் எனக்குக் கவலை இங்கேதான். வாழ்நாளெல்லாம் இருந்த வீடு. அந்தக் கூடத்தில் ஆயிரம் மாலைப்பொழுதுகள், எல்லாவற்றுக்கும் ஒரே சுவர், ஒரே நாற்காலி. ஒரு நாள் நடந்தது இன்னொரு நாளோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு முறை போன இடத்தில் நடந்தது தனியாக நிற்பது அதனால்தான். எனவே வீடு மாறிய நேரங்களைப் பிடித்துக் கேள்: சுவருக்கு வேறு நிறம் அடித்தது, அலமாரியை இடம் மாற்றியது, வீட்டில் யாரோ கட்டிலோடு கிடந்தது. 'அது நடந்தபோது அலமாரி எங்கே இருந்தது?' என்ற கேள்வி, 'எந்த வருடம்?' என்பதைவிட அதிகம் வாங்கித் தரும்.

நம் பழைய சண்டையையே எடுத்துக்கொள். தேர்வு முடிவு தெரிந்த அன்று நாம் உங்கள் வீட்டு மாடிப்படியில் நின்றோம் என்று நீ சொல்வாய், வாசலில் என்று நான் சொல்வேன். இருவருமே சத்தியம் செய்வோம். இப்போது யோசித்துப் பார்த்தால், என் காட்சியில் என் முதுகே எனக்குத் தெரிகிறது! நைஜ்ரோவும் நைசரும் 1983-இல் எழுதியதுபோல, இப்படித் தன்னையே வெளியிலிருந்து பார்க்கும் நினைவுகள் பலருக்கும் உண்டு. என் கண் எடுத்த படமாக அது இருக்க முடியாது. அதற்காக மாடிப்படியை ஒப்புக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே.

அப்புறம் உங்கள் வீட்டுப் பழைய புகைப்பட ஆல்பம். அதைக் கடைசிவரை வெளியே எடுக்காதே. 2002-இல் நடந்த ஓர் ஆய்வில், சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் பறந்ததாகப் போலிப் புகைப்படம் தயாரித்துக் காட்டியபோது, பங்கேற்ற 20 பேரில் பாதிப்பேர் நடக்காத அந்தப் பயணத்தை ஓரளவாவது நினைவுகூரத் தொடங்கினார்கள். உன் ஆல்பத்தில் போலி இல்லைதான். ஆனாலும் படம் கையில் வந்துவிட்டால் அவர் படத்தில் இருப்பதைத்தான் சொல்வார், படத்துக்கு வெளியே நின்றவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

அம்மா வரைந்து முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. அந்த வீட்டில் பாதிநாள் கிடந்தவன் நான், என் பங்குக்கு ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன். அவர் முடிக்கும்வரை அதைக் கேட்காதே, கேட்டாலும் தரமாட்டேன். மாடிப்படி எந்தப் பக்கம் என்பதை மட்டும் அவரிடம் நீ எடுத்துக்கொடுக்கக் கூடாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்