முதலில் நடக்க வேண்டியவன் நீ

செம்பூர், மும்பை

அன்புள்ள வைத்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே மழை விட்டபாடில்லை. மாட்டுங்காவில் நாம் குடியிருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள்.

மருமகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உன்னைப் பற்றி ஒரே வரி. அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உன் மருமகள் லதாவுக்கு 38 வயது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை, நெஞ்சுவலி என்று சொன்னதும் இல்லை. முழு உடல் பரிசோதனையோடு, ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இ.சி.ஜி. பார்க்கும் டிரெட்மில் சோதனையையும் சேர்த்துச் செய்து, ‘பாசிட்டிவ்’, அதாவது இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களைத் தேவையில்லாமல் ஓடவிட்டு வீட்டையே கலங்கடிப்பது எனக்குப் பிடிக்காத காரியம். 1989-இல் 147 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அந்த அடைப்பு நோய் உள்ள நூறு பேரில் சுமார் 68 பேரைத்தான் இந்தச் சோதனை பிடித்தது. நோய் இல்லாத நூறு பேரில் 23 பேருக்கு இருப்பதாகச் சொன்னது. நோய் இருக்க வாய்ப்பே குறைந்த இளம் பெண்ணிடம் வரும் ‘பாசிட்டிவ்’ பெரும்பாலும் பொய் எச்சரிக்கைதான். ரத்தசோகைகூட இ.சி.ஜி. கோட்டைக் கீழே இறக்கி, நோய் இருப்பதுபோலக் காட்டும். எத்தனை நிமிடம் நடந்தாள், வலி வந்ததா என்று கேள். ரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமுக்கு நாள் குறிக்குமுன் இன்னொரு இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி உன் விஷயம். சுவாமிமலையில் பாதிப் படி ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது, இ.சி.ஜி. நார்மல் என்கிறாய். வைத்தி, அந்த இ.சி.ஜி.யைப் படுத்துக்கொண்டுதானே எடுத்தாய்? ரத்தக் குழாய் நன்றாகச் சுருங்கியிருந்தாலும், ஓய்வில் இருக்கும் இதயத்துக்கு வருகிற ரத்தம் போதும். உழைக்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். முதலில் தவிப்பது இதயத் தசையின் உள்ளடுக்கு. அப்போது இ.சி.ஜி. கோட்டில் ஒவ்வொரு துடிப்பின் கூர்முனைக்கும் அடுத்து வரும் எஸ்.டி. பகுதி ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கீழே இறங்கி, மட்டமாகவோ மேலும் சரிந்தோ போகும். டிரெட்மில் அறையில் வேலை பார்த்த காலமெல்லாம் என் கண் அந்த இடத்திலேயேதான் இருந்தது.

அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறையில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், பத்து சதவீத ஏற்றத்தில் தொடங்குவார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். உன் 61 வயதுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 135-ஐத் தொட்டால் போதுமான அளவு என்பார்கள். இ.சி.ஜி. கோட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டார்கள். எவ்வளவு நேரம் தாங்கினாய், ரத்த அழுத்தம் ஏறாமல் இறங்கியதா, நின்றபின் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் தணிந்தது என்பதெல்லாம் கணக்கில் வரும். சில நேரம் ஓடும்போது ஒன்றும் தெரியாது, படுத்த பிறகு கோடு இறங்கும்.

உனக்கு இருபது வருடச் சர்க்கரை. சிகரெட்டை விட்டதும் அண்மையில்தான். ஆகவே சோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் நிம்மதியாகத் திரும்பிவிடாதே. அடுத்து என்ன என்று மருத்துவரிடம் கேள். இந்த வாரமே போ. அதுவரை படி ஏறாதே. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால் டிரெட்மில்லை மறந்துவிட்டு உடனே ஆம்புலன்ஸை வரவழை.

இரண்டு பேர் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு.

உன்,
சுந்தரம்