எமது ஓவிய வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

தைப்பொங்கல் ஒன்றுகூடல், சிறுவர் சித்திரப் போட்டி, வாணி விழா ஆகியவை வழமைபோல் நடந்தன. கொழும்பின் திறந்தவெளி ஓவியச் சந்தையான கலா பொலவில் சிலர் படம் வைத்தார்கள்.

இனிக் கண்ணாடி விடயம். "கண்ணாடியில் என்ன ஓவியம், வீண் செலவு" என்று செயற்குழுவிலேயே பேச்சு வந்தது. அதற்காகத்தான் கண்ணாடிக் கலைஞர் எமில் கலே பற்றி வெள்ளவத்தையில் உரை வைத்தேன். 1846இல் பிரான்சின் நான்சி நகரில் பிறந்தவர், தாவரவியலும் படித்தவர். பல நிறக் கண்ணாடிப் படைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்து, மேற்படையை அமிலத்தால் அரித்தும் சுழலும் சில்லால் செதுக்கியும் எடுப்பார். உள்ளே இருந்து தும்பியும் ஓர்கிட்டும் வெளிவரும். 'என் வேர் காடுகளின் ஆழத்தில்' என்ற வாசகம் அவருடைய பட்டறைக் கதவிலேயே செதுக்கப்பட்டிருந்தது. காட்டை அறியாமல் அந்தச் சாடிகளைச் செய்திருக்க முடியாது என்பதே என் வாதம்.

எமக்குக் காடு இல்லாவிட்டாலும் ஈரநிலம் இருக்கிறது. 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமே கிடைத்தது. ஆகவே கோட்டே பெத்தகான பூங்காவுக்குப் போய், நீலத் தாழைக்கோழியையும் ஆம்பலையும் வரைந்து வந்து கண்ணாடியில் தீட்டினோம். வாட்ஸ்அப்பில் பெருவிரல் காட்டியவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. கலே வழியில் அமிலத்தைத் தொடவில்லை. கண்ணாடியை அரிக்கும் ஐதரோபுளோரிக் அமிலம் தோலோடு நிற்காது, எலும்பையும் பாதிக்கும். கண்ணாடி வர்ணத்தோடு நிறுத்திக்கொண்டோம். கண்ணாடியும் படச்சட்டக் கடையில் மிஞ்சிய துண்டுகள்தான். வீண் செலவு என்றவர்களே அது எங்கே என்று சொல்லட்டும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன; ஒத்துப்போகாத சிறு தொகைக்கும் விளக்கம் உண்டு. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்கப்போவதில்லை. சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கண்ணாடித் துண்டுகளை உருக்கி ஒட்டிப் பார்க்க ஆசை. அதற்கு 800 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும் சிறு மின்சூளை வேண்டும். சூடேற்றுவதைவிட மெல்ல ஆறவிடுவதுதான் முக்கியம், அவசரப்பட்டால் வெடித்துவிடும். பாக்கிச் சந்தா எல்லாம் வந்தால் முற்பணமாவது கட்டலாம், அவ்வளவுதான் சொல்வேன். செயலாளர் பதவிக்கு வேறு யாரும் முன்வந்தால் அலுமாரிச் சாவியை இன்றே தருகிறேன். கண்ணாடிப் பெட்டி மட்டும் என்னிடமே இருக்கட்டும்.