டிரா என்றாலே சப்பென்ற ஆட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் சதுரங்கப் போட்டி பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தி, முதல் மேசை ஆட்டத்தை ‘சுவாரஸ்யமின்றி டிராவில் முடிந்தது’ என ஒரே வரியில் தள்ளிவிட்டது. தரப்புள்ளி (ஆட்டத் திறனைக் காட்டும் மதிப்பெண்) உள்ள இருவர் மோதும்போது டிரா எல்லாம் ஒரே ரகமல்ல. பத்துப் பதினைந்து நகர்த்தலில் கைகுலுக்கி எழுந்து போவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் கைநழுவிய ஆட்டத்தை இழுத்துப் பிடித்துக் காப்பாற்றுவது வேறு.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். என் மாணவி ஒருத்தி, தன்னைவிட 200 புள்ளி கூடுதலாக உள்ளவரிடம் ஒரு சிப்பாய் குறைவாக மாட்டிக்கொண்டாள். ராஜாக்களைத் தவிர ஆளுக்கொரு யானையும் எதிராளியின் அந்த ஒரு சிப்பாயும்தான் மிச்சம். எதிர் ராஜா முன்னேறாதபடி தன் யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையிலேயே நிறுத்தி வைத்தாள். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானை மறுகோடிக்குப் போனது. அப்புறம் பின்னாலிருந்து செக் மேல் செக். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு சதுரங்க மேதை பிலிடோர் விளக்கிய தற்காப்பு அது. டிராவில் கிடைத்த அந்த அரைப் புள்ளியால் அவளுடைய தரப்புள்ளி சுமார் 10 கூடியது, எதிராளிக்கு இறங்கியது. செய்தியில் இதற்கும் ‘டிரா’ என்றுதான் போடுவார்கள்.

இனி இத்தகைய செய்திகளில் இருவரின் தரப்புள்ளி, நகர்த்தல்களின் எண்ணிக்கை, கடைசி நிலையைக் காட்டும் கட்டம் ஆகியவற்றையும் வெளியிடலாம். ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.

சதுரங்கப் பயிற்றுநர்,
செராஸ், கோலாலம்பூர்