சேலத்தின் பெயரில் ஒரு தீர்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியச் சட்டத்தின் போக்கை மாற்றிய தீர்ப்புகள் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கேசவானந்த பாரதி (1973), மேனகா காந்தி (1978), புட்டசாமி (2017) என்று விட்டுவிடக் கூடாத வழக்குகள் எல்லாம் இருக்கின்றன. எங்கள் ஊர் மட்டும் இல்லை. வழக்கறிஞர் குமாஸ்தாவாகச் சேலத்தில் காலம் தள்ளியவன் நான். ஊர்ப்பற்று என்று நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

‘சேலம் வழக்கறிஞர் சங்கம் எதிர் இந்திய ஒன்றியம்’. உச்ச நீதிமன்றம் 2002-இல் ஒருமுறையும் 2005-இல் விரிவாக இன்னொரு முறையும் தீர்ப்பளித்த வழக்கு. சிவில் வழக்குகள் தலைமுறை தலைமுறையாக இழுக்கின்றன என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை 1999-லும் 2002-லும் திருத்தினார்கள். நாடெங்கும் வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். எங்கள் சங்கம் டெல்லிக்கே போனது. திருத்தங்கள் செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆகவே கணக்குப்படி சங்கத்துக்குத் தோல்வி. ஆனால் அந்தத் திருத்தங்களை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று நீதிபதிகள் சொல்லிய விளக்கத்தைத்தான் இன்று காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை முன்சீப் கோர்ட்டுகளில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

வழக்குக்குப் பிரதிவாதி தரும் எழுத்துப் பதிலான எதிர்வழக்குரையை 30 நாளில், மிஞ்சினால் 90 நாளில் போட வேண்டும் என்றது திருத்தம். மிக நெருக்கடியான சூழ்நிலையில் மட்டும் அதற்கு மேலும் அனுமதிக்கலாம் என்றது 2005 தீர்ப்பு. ஒரு கட்சிக்காரருக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்ற விதிக்கும் அப்படியே. சுனாமி, பூகம்பம் போன்றவை வந்தால் என்ன செய்வது என்று நீதிபதிகளே கேட்டிருக்கிறார்கள். நம் ஊரில் சுனாமி வராமலேயே வாய்தா கிடைப்பது வேறு கதை. சாட்சியை அழைத்த தரப்பே செய்யும் முதல் விசாரணை, கூண்டில் வாய்மொழியாக இல்லாமல், நிரூபண வாக்குமூலம் என்ற சத்தியப் பிரமாணப் பத்திரமாகத் தட்டச்சில் வரலாம் என்பதும் இந்தத் தீர்ப்பில் உறுதியானது. அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. தன் சாட்சியம் என்னவென்று கூண்டேறும் முன் வராந்தாவில் நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரிவு 89-இன்படி சமரசத்துக்கு அனுப்பும் முறைக்கும், நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையிலான குழு வகுத்த மாதிரி விதிகள் வழியாக, இந்த வழக்குதான் பாதை போட்டது.

இவற்றை எல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத பிரிவு 80. அரசாங்கத்தின் மீது சிவில் வழக்குப் போடுவதற்கு முன் அறிவிப்பு அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். நியாயம் இருந்தால் அரசு அதற்குள் சரிசெய்துகொள்ளட்டும், வழக்கே வேண்டாம் என்பதுதான் அதன் நோக்கம். பெரும்பாலான அறிவிப்புகளுக்குப் பதிலே வருவதில்லை, வந்தாலும் மழுப்பலாக இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே எழுதியது. மத்திய, மாநில அரசுகளும் இப்படி அறிவிப்புப் பெறும் மற்ற அமைப்புகளும் மூன்று மாதத்துக்குள் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். பதில் போவதற்கு அவரே பொறுப்பு. தவறினால் அரசு மீது பெரும் வழக்குச் செலவுத்தொகை விதிக்கலாம், அந்த அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கலாம் என்றது. அது 2005 ஆகஸ்ட் மாதம்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பு, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பட்டாவில் சர்வே எண் மாறிக் கிடந்தது. தவறு அரசு அலுவலகத்துடையது என்பது ஆவணத்தைப் பார்த்தாலே தெரியும். அறிவிப்பைத் தட்டச்சு செய்து, பதிவுத் தபாலில் அனுப்பியவன் நான்தான். ஒப்புகை அட்டை ஒரு வாரத்தில் வந்துவிட்டது: வட்ட முத்திரை, அதன் மேல் பச்சை மையில் யாருடையது என்று படிக்க முடியாத ஒரு கையெழுத்து. இரண்டு மாதம் கழிந்தது. வேறு ஒரு காகிதமும் வரவில்லை. வழக்குப் போட்டோம். அரசுத் தரப்பில் எதிர்வழக்குரைக்கு வாய்தா, பிறகு கோப்பு வரவில்லை என்று வாய்தா. மனிதர் ஒவ்வொரு முறையும் விடியற்காலை பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அஸ்தம்பட்டிக்கு வந்து டவாலி பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பார். “என் மேல் தப்பில்லை என்று அவங்களுக்கே தெரியுமே சார், அப்புறம் எதுக்கு இது?” என்று என்னிடம் கேட்டார். சேலத்தின் பெயரிலேயே இதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

எனக்குத் தெரிந்து, பதில் அனுப்பாததற்காக எங்கள் பக்கத்து வழக்குகளில் பெரும் செலவுத்தொகை விதித்துப் பார்த்ததில்லை. கேட்கும் வழக்கறிஞர்களும் குறைவு. சங்கம் டெல்லி வரை போய் வாங்கி வந்ததைச் சங்கத்துக்காரர்களே மனுவில் எழுதாமல் விட்டால் யாரை நொந்துகொள்வது?

உங்களிடம் ஒரு கோரிக்கை. கேசவானந்த பாரதி வழக்கில் வந்த, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்ற கோட்பாடு பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழக அரசின் எந்தெந்தத் துறையில் பிரிவு 80 அறிவிப்புகளுக்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் நிருபர் ஒருவர் கேட்டு, பதவியையும் முகவரியையும் வெளியிட்டால், எங்கள் பக்கத்துக் குமாஸ்தாக்கள் அதைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். பதில் வரவில்லை என்றால் அதுவே செய்திதான், அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.