படலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன்

மாப்ளே,

ஆடிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். அம்மாவுக்கு முழங்கால் தேவலை, ரெண்டு உழவு மழை பெய்தது, மொபட் வாத்தியார் உன்னை விசாரித்தார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை நம்ம தங்கச்சி மகள் பெங்களூரிலிருந்து சிநேகிதிகள் நாலு பேரோடு வந்து, "சுத்திப் பார்க்க என்ன மாமா இருக்கு?" என்றாள். கொடிவேரி, டாப்சிலிப் என்று எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மனசு கேட்கவில்லை, அறச்சலூர் நாகமலைக்கு வண்டியை விட்டேன். பாறையில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. நோட்டில் எழுதிக் கொடுத்தேன். பரதம் படிக்கிற பெண் ஒருத்தி தொடையில் தட்டிக்கொண்டே "த தை தா தை த" என்று இடமிருந்து படித்தாள், மேலிருந்து கீழே படித்தாள், கடைசியிலிருந்து திருப்பிப் படித்தாள். எப்படிப் படித்தாலும் ஒரே வரிசை! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று அங்கேயே வெட்டியிருக்கிறது. வண்ணக்கன் என்றால் காசும் பொன்னும் சோதித்துப் பார்க்கிறவன். கல்மணி பட்டை தீட்டிய கொடுமணல் அந்தப் பக்கம் நொய்யல் கரையில்தானே, இவன் அங்கே போய்வந்திருப்பானோ என்று பேசிக்கொண்டே இறங்கினோம். ஓடாநிலையில் தீரன் சின்னமலை மண்டபத்தில் கொஞ்ச நேரம் நின்று, 1805இல் அவரைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டதைச் சொன்னேன்.

சாயந்திரம் உங்கள் காட்டுக்குப் போகிற இட்டேரித் தடத்தில் நடக்கவிட்டேன். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே கௌதாரி கத்துகிறது, வேலிச் சந்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நம்ம மயிலைப் பசு. மலையைவிட இங்கேதான் அதிக நேரம் நின்றார்கள். அப்போதுதான் பார்த்தேன், மாடு மேய்கிற உங்கள் கொறங்காட்டுக்குள் ரெண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். நீ அனுப்பினாயா?

காட்டை வித்தால் பணம் வரும், மறுக்கவில்லை. பையன் படிப்புக்குத் தேவையும் இருக்கும். ஆனால் அந்தக் கிளுவை உங்க அப்பாரு குச்சி குச்சியாக நட்டு வளர்த்தது, வெள்வேல மரமெல்லாம் நம்மைவிட மூத்தது. ஒருதரம் பொக்லைன் இறங்கினால் கொழுக்கட்டைப்புல் போனது போனதுதான். ராப்பகலாகக் காட்டில் மேய்ந்து வளர்கிறது காங்கேயம் மாடு, அதைக் கட்டுத்தறியில் நிறுத்தி என்ன பண்ணுவது? வந்த பெண்கள் "அடுத்த தடவை பத்துப் பேராக வருகிறோம், தங்க இடமும் கம்மஞ்சோறும் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். காட்டில் உன் சாளை வீடு சும்மாதானே கிடக்கிறது? மேலே ஓடு மாற்றினால் போதும், பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

பொங்கலுக்குப் பையனோடு வா, ஒருநாள் காட்டில் நட, அப்புறம் முடிவு பண்ணு. அதுவரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதே. காட்டு வாசல் படலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன், சாவி என்னிடம்தான் இருக்கிறது.