யாழினி சாப்பிட்டாளா என்று கேட்ட அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புத் தோழமைகளே,

நேற்று ராத்திரி நம் யாழினி, கதிர் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தையும், முடிவுரையான எபிலாக்கையும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் உங்கள் கடிதங்களும் குரல் பதிவுகளும் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத ஆசைதான். ஆனால் கை இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. அதனால் இப்போதைக்கு எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்ததும், கதை பாதியில் நின்றதும் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லி உங்களையும் அழவைத்து நானும் அழப் போவதில்லை. வீட்டுக்காரர் இப்போது யாரையும் பிடிக்காமல் வாசல் வரை போய்ப் பேப்பர் எடுத்து வருகிறார். ரசத்தில் உப்பு பத்தவில்லை என்று குறையும் சொல்கிறார். ஒரு காலத்தில் அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவேன். இப்போது உப்பு டப்பாவைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்கிறேன்.

அந்த ராத்திரி ரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன தம்பிகளுக்கு நன்றி. பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி. தேதியைப் பற்றி வாயே திறக்காத பதிப்பாளருக்கு, என் பழைய கதைகளின் திருட்டு பிடிஎஃப் எங்கே சுற்றினாலும் தேடிப் பிடித்து எடுக்க வைத்த வாசகிகளுக்கு, 'அடுத்த யுடி எப்போ' என்று அடுத்த பகுதியைக் கேட்டு வந்தவர்களிடம் எனக்காகப் பொறுமையாகப் பேசியவர்களுக்கு நன்றி. வக்கீல் தங்கைக்குத் தனியாக ஒன்று: சந்தேக மரணம் என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 என்று படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். நம் கதை 2024 ஜூலை 1-க்கு அப்புறம் நடக்கிறது, அதனால் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ் 194 என்றுதான் இன்ஸ்பெக்டர் சொல்ல வேண்டும் என்று ராத்திரி பதினொரு மணிக்குக் குரல் பதிவு அனுப்பினாய். இன்ஸ்பெக்டர் அப்படியே சொன்னார், கவனித்தாயா?

அப்புறம் அந்த ஓய்வு பெற்ற ரயில்வே பெரியவர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஏறும்போது என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னால் பெட்டியின் மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பாதையை முதலில் பார்ப்பவர். இதை அவர் போகிற போக்கில் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குகையைத் தாண்டியதும் தண்டவாளத்தின் ஓரத்தில் என்ன கிடந்தது என்று என்ஜினில் இருப்பவர்களுக்குத் தெரியாது, முன்னால் நிற்கும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்தப் பேச்சில் பிறந்தவர்தான் உங்கள் சின்னப்பன் தாத்தா. ஆக, தாத்தாவுக்காக என்னைத் திட்டியவர்கள் பாதித் திட்டை அந்தப் பெரியவருக்கும் அனுப்பலாம்.

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். கெட்டது தாண்டிப் போய்விட்டது. ஆனால் என்னால் எழுத முடியவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்டார்கள்: அவர் எப்படி இருக்கிறார், கதை எப்போது வரும். இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்குச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. இரண்டாவதற்குப் பதிலே இல்லை. யாழினியும் கதிரும் ஐப்பசி மழையில், அந்த மலை ரயில் பாதையில் ஹில்குரோ ஸ்டேஷனுக்கு மேலே தண்டவாள ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். மண் சரிந்து ரோடும் இல்லை, ரயிலும் இல்லை. பின்னால் ஒருவன் வருகிறான். அந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தவள் நான். திரும்பிப் போனால் அவர்கள் குரலே எனக்குக் கேட்கவில்லை. கதிர் பேசினால் டாக்டர் பேசுவது போல இருந்தது.

அப்போது ஒரு பார்சல் வந்தது, திருமங்கலத்துப் பக்கம் ஒரு ஊரிலிருந்து. உள்ளே மஞ்சள் பை, பைக்குள் கோடு போட்ட 80 பக்க நோட்டு. கடிதம் எதுவும் இல்லை. முதல் பக்கத்தில் மட்டும், 'பேத்தி படிச்சுக் காட்டுவா, நான் கேட்டு எழுதி வெச்சது. உனக்கு உதவும்னா வெச்சுக்க' என்று இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. என் கதைக்கு ஒரு வரி விமர்சனம்கூட அவர் போட்டதில்லை. அப்படி ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து ஐந்து கட்டம் போட்டிருந்தார். அத்தியாயம், கிழமை, யார் எங்கே, யாருக்கு எது தெரியும், சாப்பாடு.

முதல் நான்கும் புரிகிறது. சஸ்பென்ஸ் எழுதுகிற எவரும் ஏதோ ஒரு வடிவத்தில் இதை வைத்திருப்போம். அதிலும் 'யாருக்கு எது தெரியும்' என்ற கட்டம்தான் எங்கள் பிழைப்பே. கதவுக்குப் பின்னால் ஆள் நிற்பது யாழினிக்குத் தெரியாமல் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாழினிக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால் மண்டை காயும். கதிருக்குத் தெரிந்ததை அவன் யாழினியிடம் சொல்லாமல் விட்டால், காதல் அங்கேதான் அடி வாங்கும். இதையெல்லாம் அந்த அம்மா எனக்குப் பாடம் எடுப்பது போல வரிசையாக எழுதியிருந்தார். சாவி எந்த அத்தியாயத்தில் யார் கையில் இருந்தது என்பது உட்பட.

ஐந்தாவது கட்டம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. ஆரம்ப அத்தியாயங்களில் 'இட்லி, கல்யாண வீட்டில்', 'பஸ் ஸ்டாண்டில் வர்க்கியும் டீயும்' என்று எழுதிக்கொண்டே வந்தவர், ஓட ஆரம்பித்த பிறகு வெறும் கோடு, வெறும் கோடாகப் போட்டுக்கொண்டே போகிறார். நான் நிறுத்திய அத்தியாயத்துக்கு நேராக இப்படி எழுதியிருந்தார்: 'திங்கக் காலையில குடிச்ச டீ. புதன் ராத்திரி ஆச்சு. இந்தப் புள்ள எப்படி ஓடும்?'

கீழே கதிருக்கு ஒன்று: 'வலது கையில கட்டு. சட்டையை யார் மாத்திவிட்டது?'

அதற்கும் கீழே இன்னொருவனுக்கு. இன்னும் படிக்காதவர்கள் இருப்பார்கள், பெயர் வேண்டாம். 'இவன் மட்டும் எல்லா வேளையும் நல்லா சாப்பிடுறான். எனக்கு இவன் மேலதான் சந்தேகம். யாருட்டயும் சொல்ல மாட்டேன்.'

நான் சத்தமாகச் சிரித்தேன். உள்ளே படுத்திருந்தவர் என்னவோ ஏதோ என்று கூப்பிட்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. கைரேகை, செல்போன் டவர், பொய்ச் சாட்சி என்று எதை எதையோ வைத்து அவனை நான் மறைத்துக்கொண்டு வந்தேன். உங்களில் பாதிப் பேர் இன்ஸ்பெக்டரையும் மீதிப் பேர் கதிரின் அண்ணனையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். இவர் சோற்றுக் கணக்கை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டார். பிடித்தவர் கடைசி வரை சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. பேத்திக்கும் சொல்லவில்லையாம்! பேத்தி அண்ணன்தான் வில்லன் என்று கடைசி வரை நம்பியிருக்கிறாள்.

அன்றைக்கு மத்தியானமே எழுத உட்கார்ந்தேன். துரத்தல் எழுத வரவில்லை. துப்பாக்கி எழுத வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் சாப்பாடு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது. ரன்னிமேடு பக்கம் ஒரு லயன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், விளக்கு எரிகிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்த ஒரு பாட்டி கதவைத் திறக்கிறார். யார் எவர் என்று கேட்காமல் ரொட்டி சுட்டு, பிளேன் டீ ஊற்றித் தருகிறார். கட்டுப் போட்ட கையால் கதிருக்கு ரொட்டியைப் பிய்க்க முடியவில்லை. யாழினி பிய்த்து டீயில் நனைத்துக் கொடுக்கிறாள். 'ரொட்டி அத்தியாயம்' என்று நீங்கள் பெயரே வைத்துவிட்டீர்களே, அது பிறந்த கதை இதுதான். அவர்கள் இருவரும் மனசுவிட்டுப் பேசியதும் அங்கேதான். வேறொரு இடத்துக்கு, நல்ல நிலா வெளிச்சத்துக்கு என்று நான் அந்தப் பேச்சைத் தள்ளி வைத்திருந்தேன். லயன் வீட்டு அடுப்படிதான் அதற்குச் சரியான இடமாக அமைந்தது.

இந்த வகைக் கதையில் உள்ள தொந்தரவே அதுதான். சஸ்பென்ஸ் ஓடு ஓடு என்று விரட்டும், காதல் கொஞ்சம் உட்கார் என்று கையைப் பிடிக்கும். எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல்தான் பல கதைகள் பாதியில் மூச்சுவாங்குகின்றன. பசித்தவர்கள் உட்காரத்தானே வேண்டும்!

அவருக்குப் போன் செய்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தால் அதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

"தாயி, அந்தக் கிழவரை என்ன பண்ணப் போற?"

என்ன சொல்வது? சாட்சி அவர் ஒருவர்தான். முக்கால் கதை தாண்டும்போது சாட்சி போனால்தான் யாழினி தனியாக நின்று முடிவெடுப்பாள். இதை எப்படிச் சொல்வது என்று முழித்தேன். "அம்மா, அவரு..." என்று இழுத்தேன்.

"கொன்னாத்தான் கதை நிக்கும்னா கொன்னுக்க. நான் வேணாம்னு சொல்லலை. ஆனா சாப்பிட வெச்சுட்டுக் கொல்லு."

சின்னப்பன் தாத்தாவை நான் உருவாக்கியது வேலைக்காக. கொடி பிடித்து நின்ற மனிதர், ஒரு தடயத்தைப் பார்த்தவர், வேலை முடிந்தால் போய்விடுவார். ஆனால் அவருக்கு ஒரு இருமல் கொடுத்தேன். அப்புறம் மங்கி குல்லாய் கொடுத்தேன். பேத்தி வயசுப் பெண்களை 'வாங்க' என்று கூப்பிடும் பழக்கத்தைக் கொடுத்தேன். அவ்வளவு கொடுத்த பிறகு சும்மா கொல்ல முடியுமா? மருந்துக் கடையில் நோயாளி பெயர் கேட்டபோது என் வாயில் வந்தது 'சின்னப்பன்'. கடைப் பையன் அப்படியே பில்லில் எழுதிவிட்டான். அந்த பில் இன்னும் இருக்கிறது. எழுதாத அந்த நாட்களிலும் அவர்கள் எங்கேயோ எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள் போல.

தாத்தாவுக்கு என்ன சாப்பாடு போட்டேன் என்று படித்தவர்களுக்குத் தெரியும். சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும். எழுதிவிட்டு அடுத்த பக்கம் போக மனசில்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜெயந்தி என்று துப்பறியும் ஜோடிகள். இந்த மாதக் கேஸ் முடிந்தால் அடுத்த மாதம் பெட்டிக்கடையில் வேறொரு அட்டைப்படத்தோடு அவர்களே தொங்குவார்கள். பிரிவு என்ற பேச்சே கிடையாது. நாங்கள் எழுதுகிற ரொமான்டிக் சஸ்பென்ஸில் குற்றமும் காதலும் ஒரே முடிச்சு. கொலைகாரன் பிடிபட்டு, இவர்கள் கையும் சேர்ந்துவிட்டால் கதிருக்கும் யாழினிக்கும் என்னிடம் திரும்பி வரக் காரணமே இல்லை. நன்றாக இருக்கட்டும் என்று நாமே ஆசைப்பட்டு வழியனுப்பிவிட்டு, அப்புறம் வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்கிறோம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி. இரண்டாம் பாகம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கிடையாது. அவர்களை மறுபடி ஆபத்தில் மாட்டிவிட எனக்கு மனசு வராது. எபிலாக்கில் குழந்தைக்குப் பெயர் வைக்காமல் விட்டதற்கு மட்டும் நீங்கள் கோபப்படலாம். அந்தப் பெயரைத் திருமங்கலத்து அம்மாவே வைக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். புத்தகமாக வரும்போது அதில் இருக்கும்.

நோட்டை அவருக்குத் திருப்பி அனுப்பவில்லை, கேட்டாலும் தர மாட்டேன். புதிதாக ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன், 200 பக்கம். முதல் பிரதியும் அவருக்குத்தான் போகும், எழுத்துப் பெரிதாக அச்சடித்துத் தனியாகக் கேட்டிருக்கிறேன். பேத்தி ஹாஸ்டலுக்குப் போகிறாளாம்; இனி யார் வாசித்துக் காட்டுவது என்று கவலைப்பட்டார். அதனால் அடுத்த கதையை வாராவாரம் நானே என் குரலில் பதிவு செய்து அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். 'வில்லன் பேசுறப்ப குரலை மாத்தாத, கண்டுபிடிச்சிடுவேன்' என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்துவிட்டது.

அடுத்த கதை தை மாதம் தொடங்குகிறது. தரங்கம்பாடி, கடற்கரைக் கோட்டை, காணாமல் போன ஒரு மாப்பிள்ளை. இதற்கு மேல் கேட்காதீர்கள். சாப்பாட்டை வைத்து யாரையும் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், இந்த முறை எல்லோரும் வயிறார மீன் குழம்பு சாப்பிடப் போகிறார்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் எழுத்துத் தோழி